கீழ்த்தளத்து வால்வு

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதிக் கையேட்டில் ஒரு வரி உண்டு. சூடாக்கும் குழாய்களையும் வால்வுகளையும் குடியிருப்பவர்கள் தாமாகத் தொடக்கூடாது, பழுதென்றால் படிவம் நிரப்பிப் பராமரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும் என்பது அந்த வரி. அதை எழுதியவன் நான். சங்கத்தின் செயலாளராக இருந்த காலத்தில் நான் எழுதியவற்றில் அதுதான் மிகத் தெளிவான வரி என்று இன்றும் நினைக்கிறேன். போன ஜனவரியில், மாடிப்படிக்குக் கீழேயுள்ள அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, கையில் குறட்டுடன் அதை மீறியவனும் நான்தான்.

மீறியதற்குக் காரணம் இருந்தது. மனைவி நுரையீரல் அழற்சியால் மூன்று கிழமையாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அவளை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒரு நிபந்தனை. வீடு அவளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: படி ஏறாமல் படுக்க இடம், வழுக்காத குளியலறை, குளிரில்லாத அறை. இல்லையென்றால் நகரின் மறுகோடியில் உள்ள சீக்ஹெம் என்னும் பராமரிப்பு இல்லம் ஒன்றில் குறைந்தது ஒரு மாதம். மூன்று வருடங்களுக்கு முன், இடுப்பு எலும்பு முறிந்தபோது, அங்கே பத்து நாள் இருந்தாள். பத்தாம் நாள் நான் போனபோது ஆறு கிலோ குறைந்திருந்தாள். யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. தட்டில் வைத்ததை அவள் சாப்பிடவில்லை, யாருடனும் கதைக்கவில்லை, ஏன் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. இந்த முறை முதல்நாளே என்னிடம் சொல்லிவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஆஸ்பத்திரியிலை செத்தாலும் பரவாயில்லை. அந்தச் சீக்ஹெம்முக்கு மட்டும் என்னை விட்டுடாதேங்கோ."

"விடமாட்டன்."

"சத்தியம் பண்ணுங்கோ."

"எனக்குத்தான் நம்பிக்கை இல்லையே. எதிலை பண்ணுறது?"

"அப்ப எனக்காக விளக்கைக் கொளுத்துங்கோ. நான் வீட்டுக்கு வரும்வரைக்கும் மாதாவுக்கு முன்னாலை விளக்கு நூரக்கூடாது. நான் நேர்ந்திட்டன்."

நேர்த்தி அவளுடையது, விளக்கு அணையாமல் பார்த்து அதை நிறைவேற்றுவது என் வேலை. எங்கள் வீட்டில் சமயம் எப்போதும் இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் போவதும் காரோட்டத்தான்.

ஆனால் பொறுப்பென்று ஒன்றை ஏற்றால் நான் ஒழுங்காகச் செய்பவன். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தேன். நொர்வேயின் வடமுனையில், பாட்ஸ்பியோர்ட்டில், நாலு வருடம் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவில் நகரசபை அலுவலகம் ஒன்றில், பென்சன் எடுக்கும்வரை, மற்றவர்கள் எந்த ஒழுங்கில் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். எண்ணெய் விளக்கு இரண்டாம் நாள் நான் நித்திரையால் எழும்பியபோது அணையும் நிலையில் இருந்தது. திரியும் எண்ணெயும் நம்பத் தகுந்தவை அல்ல என்று முடிவு செய்து, களஞ்சிய அறையில் தேடி வேறொன்றை எடுத்தேன். கண்ணாடிக் குவளைக்குள் பெரிய மெழுகுதிரி. ஒன்று அறுபது மணிநேரம் எரியும். அதைப் பீங்கான் தட்டில் வைத்தேன். புகை எச்சரிக்கைக் கருவியைச் சோதித்தேன். எப்போது மாற்றுவது என்று நாட்காட்டியில் குறித்தேன். நேர்த்திக்கடனை இதைவிட முறையாக யாரும் செய்திருக்க முடியாது.

திங்கட்கிழமை நகரசபையிலிருந்து நோயாளிக் கட்டில் வந்தது. அதைக் கீழே வரவேற்பறையில் போட வேண்டும். மாதாவின் சிலையான சுருவம் இருந்த மூலையில்தான் அது பொருந்தியது. ஆகவே சுருவத்தையும் விளக்கையும் வாசல் நடைக்கு மாற்றினேன். முன்பு தொலைபேசி வைத்திருந்த சிறிய சுவர்த்தட்டு அங்கே சும்மா கிடந்தது.

செவ்வாய்க்கிழமை வீடு கொஞ்சம் குளிர்ந்தது. வெளியே பதினாறு பாகை உறைகுளிர், அதனால்தான் என்று நினைத்தேன். புதன்கிழமை காலை எழுந்து கீழே வந்தபோது வரவேற்பறை வெப்பமானி பதினாறு காட்டியது. மாடியில் இருபத்திரண்டு.

எங்கள் வீட்டில் சூடு வரும் விதத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நாற்பது வீடுகளுக்கும் பொதுவான கொதிகலன் அறையிலிருந்து சுடுநீர் குழாயில் வருகிறது. மாடிப்படி அலமாரிக்குள் அது இரண்டு கிளையாகப் பிரிகிறது. ஒன்று மாடிக்கு, மற்றது கீழ்த்தளத்துக்கு. ஒவ்வொரு கிளையிலும் ஒரு வால்வு, வால்வின் தலையில் கைமுட்டியளவு மோட்டார். கீழ்த்தளத்து மோட்டாருக்குக் கட்டளை கொடுப்பது நடைச் சுவரில் இருக்கும் வெப்பத் திருகு. வீடு குளிர்ந்தால் அது உள்ளே 'டிக்' என்னும். மோட்டார் வால்வைத் திறக்கும். வீடு சூடானால் மறுபடி 'டிக்'. சுருள்வில் ஒன்று வால்வைப் பூட்டும். இதைச் சங்கக் கூட்டத்தில் படம் கீறி விளக்கியவனும் நான்தான்.

ஒரு தாளை எடுத்து ஒழுங்கை எழுதினேன். முதலில் பிரதான குழாயைத் தொட்டேன். கை சுட்டது, சரி. கீழ்த்தளத்து ரேடியேட்டர்கள் நாலிலும் காற்றுத் திறப்பானைத் திருகினேன். காற்றில்லை, கறுப்புத் தண்ணீர்தான் வந்தது, சரி. நடைத் திருகை முப்பதுக்குத் திருப்பிப் பத்து நிமிடம் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திருகு போன வருடம்தான் மாற்றியது, ஆகவே அதற்கும் சரி போட்டேன். பிறகு வால்வுக்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை வைத்தேன். முன்னால் நெருப்பு, பின்னால் ஐஸ். தாளின் அடியில் எழுதினேன்: வால்வு இறுகிவிட்டது. அடிக்கோடும் போட்டேன்.

இந்த இடத்தில் நான் படிவம் நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பவில்லை. பராமரிப்பாளர் என் பழைய நண்பர் என்பதுதான் காரணம். பாட்ஸ்பியோர்ட்டில் ஒரே மேசையில், முழங்கை இடிபட, மீன் வெட்டியவர்கள் நாங்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் படிவமில்லாமல் ஒரு வீட்டின் தண்ணீர்க் குழாயைத் திருத்தியதற்கு, செயலாளர் என்ற முறையில், அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரியாதையான கடிதம். அவர் அதைக் கொதிகலன் அறைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். அன்றிலிருந்து எங்களுக்குள் வணக்கம் மட்டும்தான்.

புதன்கிழமை முழுக்க மின்விசிறிச் சூடாக்கி ஒன்றுடன் போராடினேன். வரவேற்பறை பதினெட்டுக்கு மேல் ஏறவில்லை. அதோடு அது கிளப்பிய தூசி எனக்கே இருமல் தந்தது. அவளுடைய நுரையீரலுக்கு முன்னால் அதை வைக்க முடியாது.

வியாழக்கிழமை காலை மறுபடி அலமாரிக்குள் நுழைந்தேன். மோட்டாரின் பக்கத்தில் ஒரு சிறிய நெம்பு உண்டு. மின்சாரம் இல்லாதபோது கையால் வால்வைத் திறக்க அது. விரலால் தள்ளினேன். பாதியில் நின்றது. இறுகியது இங்கேதான் என்று எனக்குப் பெரிய திருப்தி. குறட்டால் பிடித்து மெதுவாக, பிறகு அவ்வளவு மெதுவாக இல்லாமல், தள்ளினேன். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நெம்பு ஆடும் பல்லைப்போல இங்குமங்கும் சும்மா அசைந்தது.

அலமாரிக்குள் இருந்து எழும்பவில்லை. அப்படியே தரையில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. நகரசபையின் பராமரிப்புப் பிரிவுப் பெண். நான் வேலை செய்த காலத்தில் அவளுடைய கேள்விப் பட்டியலின் முதல் வடிவத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன். எந்தக் கேள்வி எத்தனையாவதாக வரும் என்று எனக்குத் தெரியும்.

"கட்டில் வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது."

"குளியலறைக் கைப்பிடிகள்?"

"பொருத்தியாகிவிட்டது."

"அறை வெப்பம் இருபத்தொன்றுக்குக் குறையாமல் இருக்கிறதா?"

எனக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், உடைந்த நெம்பு.

"இருக்கிறது" என்றேன்.

நாளை மனைவியுடன் வரும் தாதி அதை அளந்து பதிவு செய்வாள் என்றாள். குறைவாக இருந்தால் அதே வண்டியில் இல்லத்துக்குக் கொண்டு போவார்களாம், இடம் பிடித்து வைத்திருக்கிறார்களாம், ஆகவே நான் கவலைப்பட வேண்டியதில்லையாம்.

அரைமணி நேரத்தில் மனைவி எடுத்தாள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள்.

"விளக்கு எரியுதோ?"

"எரியுது."

"பொய் சொல்லாதேங்கோ. எழும்பிப் போய்ப் பாருங்கோ."

எழும்பிப் போய்ப் பார்த்தேன். சுடர் அசையாமல் நின்றது. அந்த வீட்டில் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"எரியுதப்பா. உன்ரை மாதாவுக்குக் குளிரேல்லை."

"வீடு சூடாய் இருக்கோ?"

"நீ வா. வந்து பார்."

"ஏன் ஒரு மாதிரிக் கதைக்கிறியள்?"

"குனிஞ்சு நிண்டனான். முதுகு."

தொலைபேசியை வைத்தேன். ஒரு காலையில் இரண்டு பெண்களிடம் பொய் சொல்லியாகிவிட்டது. மிச்சம் இருந்தது உண்மையைச் சொல்ல வேண்டிய ஓர் ஆண். எண்ணை அழுத்தினேன்.

"யாரது, மாஸ்டரோ?" என்றார் நண்பர். பாட்ஸ்பியோர்ட்டில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மீன் வெட்டும் மேசையில் அதைவிடக் கேலியான பெயர் இருக்க முடியாது. "என்ன, இன்னொரு கடிதம் வருதோ?"

"கீழ் வால்வு பழுது. வீடு குளிருது."

"படிவம் போட்டாச்சோ?"

"இல்லை."

"அதில்லாமல் நான் தொடேலாது மாஸ்டர். என்ரை கதவிலை எழுதியிருக்கு."

"நாளைக்கு ஒரு மணிக்கு அவவைக் கொண்டுவருகினம். வீடு இருபத்தொண்டு இல்லாட்டித் திருப்பி சீக்ஹெம்முக்குக் கொண்டு போயிடுவினம்."

போன முறை அவள் மெலிந்து வந்தபோது, ஒவ்வொரு நாளும் மீன் சொதி கொண்டுவந்து தந்தது அவருடைய மனைவி.

"நான் இப்ப திராமனிலை, மகளின்ரை வீட்டிலை" என்றார். "இரவுதான் வருவன். காலமை எட்டுக்கு அங்கை நிப்பன். நீங்கள் ஒண்டையும் தொடாதேங்கோ."

"தொட்டிட்டன்."

"எதாலை?"

"குறட்டாலை."

அவர் பெருமூச்சு விட்டது திராமனிலிருந்து தெளிவாகக் கேட்டது.

வெள்ளி காலை எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க வந்தார். அறை பதினைந்து பாகை. நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றினார், தரையின் குளிர் தெரிந்ததும் திரும்பப் போட்டுக்கொண்டார். நேரே அலமாரிக்குள் போய் நெம்பை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், இது பாதியிலை நிண்டிருக்குமே?"

"ஓம். இறுகிக் கிடந்தது."

"இறுகேல்லை. அதுதான் வில்லின்ரை பிடி. நல்ல மோட்டார் எண்டால் அப்பிடித்தான் நிக்கும். நீங்கள் நல்லதைப் பிடிச்சு உடைச்சிருக்கிறியள்."

பௌதிகம் படிப்பித்தவனுக்கு வில்லின் எதிர்ப்பு விசையைப் பற்றி மீன் வெட்டியவர் சொல்லித் தந்தார். நானும் மீன் வெட்டியவன்தான் என்பது கொஞ்சம் ஆறுதல்.

கொதிகலன் அறையில் மிச்சமிருந்த ஒரே மோட்டாரைக் கொண்டுவந்தார். மின்சாரத்தை நிறுத்தி, பழையதைக் கழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்ற ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு தடவை அதைச் சரியான இடத்தில் பிடிக்கும்படி சொன்னார். பத்துக்கு மின்சாரத்தைப் போட்டோம். இருவரும் குழாயில் கை வைத்தபடி தரையில் இருந்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். குழாய் ஐஸ்.

அவர் புது மோட்டாரின் நெம்பை விரலால் தள்ளினார். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் இரைச்சல் கேட்டது, கைக்குக் கீழே குழாய் சூடேறியது. விரலை எடுத்தார். இரைச்சல் நின்றது.

"வால்வு நல்லாய் இருக்கு. மோட்டாரும் நல்லாய் இருக்கு" என்றார். "ஆரோ இதைத் திறக்க வேண்டாம் எண்டு சொல்லுகினம்."

"நெம்பை இப்பிடியே திறந்து வைக்கேலாதோ?"

"இந்த வகைக்குக் கொளுக்கி இல்லை. நீங்கள் வேணுமெண்டால் ஒரு மாதம் இஞ்சை இருந்து பிடிச்சுக்கொண்டிருங்கோ. என்ரை மனிசி சோறு கொண்டுவந்து தருவா."

மணி பத்து நாற்பது. வேறு வழியில்லாமல் நெம்பை நான் பிடித்துக்கொண்டேன். கொஞ்சமாவது சூடு உள்ளே போகட்டும் என்று. அவர் கம்பியைப் பின்தொடர்ந்து நடைக்குப் போனார். நான் அலமாரிக்குள் முழங்காலில் இருந்தபடி அவருடைய காலடிச் சத்தத்தைக் கேட்டேன். அது நின்றது. நீண்ட நேரம் நின்றது.

"மாஸ்டர்."

"என்ன?"

"வாங்கோ ஒருக்கா."

"நெம்பை விட்டால் பூட்டிவிடும்."

"பூட்டட்டும். வாங்கோ."

அவர் நடையில், மாதா சுருவத்துக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செபம் செய்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுருவத்தை அல்ல, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சுவரில் இருந்த வெப்பத் திருகை. அதன் வெள்ளை அடிப்பாகம் கறுத்துப் போயிருந்தது. அவர் விரலால் தடவி எனக்குக் காட்டினார். புகைக்கரி.

"தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். வீட்டிலேயே சூடான பொருள் அதுதான்.

திங்கட்கிழமை மாலையிலிருந்து அந்தத் திருகுக்குக் கீழே ஒரு சுடர் இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தது. திருகின் கணக்கில் எங்கள் வீடு நாற்பது பாகை. முப்பதுக்குத் திருப்பினால் என்ன, திருப்பாவிட்டால் என்ன. 'போதும், பூட்டு' என்று அது மோட்டாருக்கு நாலு நாளாக, முழு நேர்மையுடன், சொல்லிக்கொண்டிருந்தது. என் தாளில் எல்லாம் இருந்தது. விளக்கு மட்டும் இல்லை. அதை நான் சூடாக்கும் விஷயங்களில் சேர்க்கவில்லை. மனைவியின் விஷயங்களில் சேர்த்திருந்தேன்.

"நூருங்கோ" என்றார் நண்பர். "பத்து நிமிசத்திலை ஆறிவிடும்."

"நூரக்கூடாது."

"என்ன?"

"அவ வரும்வரைக்கும் நூரக்கூடாதெண்டு நேர்ந்தவ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குத்தான் உதுகளிலை நம்பிக்கை இல்லையே. ஊதிவிட்டுப் பிறகு கொளுத்தினால் ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவர் சுருவத்தை இரண்டு கையாலும் தூக்கினார். நான் பீங்கான் தட்டோடு விளக்கைத் தூக்கினேன். சமையலறை அலமாரியின் மேல்தட்டு வரை பத்து அடி தூரம். நடையில் காற்று வீசும் என்பதால் ஒரு கையால் சுடரை மறைத்துக்கொண்டு அடியடியாக நடந்தேன். அவர் எனக்கு முன்னால் சுருவத்துடன் பின்புறமாக நடந்தார். திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் நாங்கள் இருவரும் ஒருபோதும் இவ்வளவு பக்தியாக நடந்ததில்லை.

பிறகு திரும்பி வந்து திருகுக்கு முன்னால் நின்றோம். அவர் ஈரத்துணியால் அதை ஒற்றினார். மணி பதினொன்று பத்து. பதினொன்றேகால். நான் மூச்சுவிடுவதையும் குறைத்திருந்தேன், என் மூச்சுச் சூடும் அதில் படலாம் என்று. பதினொன்று இருபத்தொன்றுக்குச் சுவருக்குள்ளிருந்து 'டிக்' என்ற சத்தம். மாடிப்படி அலமாரிக்குள் மோட்டார் முனகியது. குழாயில் தண்ணீர் ஓடியது.

"ஒண்டரை மணித்தியாலம் இருக்கு" என்றார் நண்பர். "கதவுகளைப் பூட்டுங்கோ. அந்த விசிறியையும் போடுங்கோ. வண்டிச் சத்தம் கேட்டவுடனை அதை ஒளிச்சு வையுங்கோ."

பன்னிரண்டு மணிக்கு அறை பதினேழு பாகை. பன்னிரண்டரைக்குப் பத்தொன்பது. ஒரு மணிக்கு இருபது. வெப்பமானிக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஸ்வெட்டருடன் நின்றோம். நண்பர் அடுப்பில் மிகப் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தார். தேத்தண்ணிக்கு என்றார். ஒரு மணி பத்துக்கு வண்டி வந்து நின்றது. விசிறியைத் தூக்கிக் குளியலறைக்குள் தள்ளினேன்.

சக்கர நாற்காலியில் போர்வைக்குள் சுற்றி அவளைக் கொண்டுவந்தார்கள். வாசல் திறந்திருந்த அரை நிமிடத்தில் என் இரண்டு மணி நேரச் சூடு வெளியே போவதை நான் முகத்தில் உணர்ந்தேன். தாதி கையில் சின்னக் கருவியை எடுத்து வரவேற்பறையின் நடுவில் பிடித்தாள். பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"இருபது புள்ளி நாலு."

நண்பர் தன் பிழையான நொர்வேஜிய மொழியில், மிகவும் அமைதியாக, தான் இந்தக் கட்டடத்தின் வக்மெஸ்தர், அதாவது பராமரிப்பாளர், என்றார். காலையில் மோட்டார் மாற்றப்பட்டது, வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது, கையை ரேடியேட்டரில் வைத்துப் பார்க்கலாம் என்றார். தாதி வைத்துப் பார்த்தாள். சட்டென்று எடுத்தாள். பிறகு கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, படிவத்தை நிரப்பாமல், கால்மணி நேரம் மனைவியின் மருந்துகளை ஒவ்வொன்றாக விளக்கினாள். ஏற்கனவே ஆஸ்பத்திரியில் விளக்கியவற்றைத்தான். முடிந்ததும் கருவியை மறுபடி எடுத்தாள்.

"இருபத்தொன்று" என்று எழுதினாள். ஒழுங்குமுறையில் அப்படி ஒரு கால்மணி நேரம் எங்கும் இல்லை. அந்தப் பட்டியலை எழுதியவர்களில் நானும் ஒருவன், எனக்குத் தெரியும்.

வண்டி போன பிறகு மனைவி தலையைத் திருப்பினாள்.

"ஏன் மாதா குசினியிலை?"

"அங்கை சூடு."

"விளக்கு நூரேல்லையே?"

"இல்லை."

"கொண்டுவாங்கோ. நான்தான் நூர்க்க வேணும்."

கொண்டுபோய் அவள் முன்னால் பிடித்தேன். அவள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, ஊதுவதற்கு முன், குவளையைத் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் நான் சுரண்டி எடுத்த ஒட்டுத்தாளின் மிச்சத்தில் பொன்னிறச் சிலுவை அரைவாசி தெரிந்தது.

"இது நவம்பரிலை கல்லறைத் திருநாளுக்கு வாங்கினதெல்லே?"

நான் குவளையை மறுபக்கம் திருப்பினேன்.

"கல்லறைக்குக் கொளுத்துற மெழுகுதிரி. மூண்டு கிழமையாய் எனக்கு இதையோ கொளுத்தினனீங்கள்?"

"அறுபது மணித்தியாலம் எரியும்" என்றேன்.

நண்பர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குழாயைப் பார்ப்பதாகச் சொல்லி அலமாரிக்குள் போய்விட்டார். அவருடைய தோள் குலுங்கியது வெளியே தெரிந்தது. மனைவி என்னை நேராகப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, இருமல் நின்று மறுபடி சிரித்தாள். அவளுக்கு ஊத மூச்சுப் போதவில்லை. குவளையை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தேன். மூன்றாம் தடவை அணைந்தது.

மாலையில் படிவத்தை நிரப்பினேன். பழுதின் காரணம் என்ற இடத்தில் 'குடியிருப்பவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நண்பர் அதை வாங்கிப் படித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது எந்தக் கதவில் ஒட்டப்படும் என்று நான் கேட்கவில்லை.